ஒரே ஆகஸ்ட், இரண்டு சீனப் பயணங்கள்

2011 ஆகஸ்ட் மூன்றாம் வாரத்தில் அமெரிக்காவின் இரண்டு பல்கலைக்கழகக் கூடைப்பந்து அணிகள் சீனாவில் இருந்தன. ஒன்று வட கரோலினா மாநிலம் டர்ஹம் நகரத்து டியூக். மற்றொன்று தலைநகர் வாஷிங்டனின் ஜார்ஜ்டவுன். இரண்டும் தனித்தனியே ஏற்பாடு செய்துகொண்டு போனவை. பயணத்துக்கு இடம் கொடுத்த விதி ஒன்றே, போன நாடும் ஒன்றே. ஆடப் போனவை பருவக் கணக்கில் சேராத நட்பு ஆட்டங்கள். டியூக் எல்லா ஆட்டங்களையும் ஜெயித்து அமைதியாக ஊர் திரும்பியது. ஜார்ஜ்டவுன் ஆடிய ஓர் ஆட்டமோ குத்துச்சண்டையிலும் நாற்காலி வீச்சிலும் முடிந்து, மறுநாள் உலகம் முழுக்கச் செய்தியானது.

அந்த இரவைப் பற்றிப் பேசுகிறவர்கள் இளரத்தம், கோபம், உள்ளூர் ரசிகர்களின் ஆவேசம் என்று அரங்கத்துக்குள்ளேயே காரணம் தேடி நின்றுவிடுகிறார்கள். இரண்டு பயணங்களையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்கும்போது எனக்கு வேறொன்று தெரிகிறது. எதிரணி யார், விசில் யார் கையில், ஆட்டம் எந்த விதிப்புத்தகத்தின்படி, பல்கலைக்கழகம் எதற்காக இந்தப் பையன்களை விமானம் ஏற்றியது என்ற நான்கும் ஆட்டத்துக்குப் பல நாள் முன்பே முடிவானவை. நட்பு ஆட்டம் நட்பாக முடியுமா என்பதில் பெரும்பங்கு அவற்றுக்குத்தான்.

அமெரிக்காவில் கல்லூரி அணி என்றால் என்ன என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். நம் ஊரில் கல்லூரிகளுக்கு இடையிலான ஆட்டத்தை அந்தந்தக் கல்லூரி மாணவர்களும் சில பழைய ஆட்டக்காரர்களும் பார்ப்பார்கள். டியூக்கின் சொந்த அரங்கமான கேமரன் உள்ளரங்கில் 9,314 இருக்கைகள். முக்கியமான ஆட்டத்துக்கு இடம் பிடிக்க மாணவர்கள் குளிர்காலத்தில் வாசலில் கூடாரம் போட்டுப் படுக்கிறார்கள். ஜார்ஜ்டவுனின் சொந்த ஆட்டங்கள் நடப்பது என்.பி.ஏ. தொழில்முறை அணியான வாஷிங்டன் விஸார்ட்ஸ் ஆடும் அதே பேரரங்கில். மார்ச் மாதத்தில் 68 அணிகள் மோதும் தேசியப் போட்டி வந்துவிட்டால் நாடே தொலைக்காட்சி முன் உட்காரும். புகழ்பெற்ற பயிற்சியாளர்களுக்குச் சம்பளம் மில்லியன் டாலர் கணக்கில். 2011இல் ஆட்டக்காரர்களுக்குக் கிடைத்ததோ படிப்புச் செலவும் தங்குமிடமும் சாப்பாடும்தான். விளம்பரத்தில் நடித்துச் சம்பாதிக்கக்கூட அன்று அனுமதியில்லை.

கல்லூரி விளையாட்டை ஆளும் என்.சி.ஏ.ஏ. அமைப்பின் விதிப்படி ஓர் அணி நான்கு ஆண்டுக்கு ஒருமுறை வெளிநாடு போய் ஆடலாம். அதிகபட்சம் பத்து ஆட்டங்கள். கிளம்புவதற்கு முன் பத்து நாள் முழு அணியாகப் பயிற்சி செய்துகொள்ளலாம். இந்தப் பத்து நாள்தான் பயிற்சியாளர்கள் கண் வைக்கும் சலுகை. அன்றைய நடைமுறையில் முறையான பயிற்சி தொடங்குவதே அக்டோபர் நடுவில். பயணம் போகும் அணிக்கு மட்டும் இரண்டு மாதம் முன்கூட்டியே எல்லோரும் ஒன்றாகத் தரையில் இறங்கும் வாய்ப்பு. புதிதாகச் சேர்ந்த பையன் மூத்தவனோடு பழகிவிடுவான். யார் எங்கே நின்று பந்து கேட்பான் என்பது கைக்குப் பழகிவிடும். கோட்டைகளையும் அருங்காட்சியகங்களையும் பார்ப்பது கூடுதல் லாபம்.

டியூக்குக்கு அந்தக் கோடையில் இது அவசரத் தேவையாகவே இருந்தது. 2010இல் தேசியப் பட்டம் வென்ற அணியின் தூண்களான கைல் சிங்லரும் நோலன் ஸ்மித்தும் படிப்பை முடித்துப் போய்விட்டார்கள். ஒரே ஆண்டு ஆடிய கைரி இர்விங் 2011 என்.பி.ஏ. தேர்வில் முதல் ஆளாக எடுக்கப்பட்டார். மீதமிருந்தவர்கள் பிளம்லீ சகோதரர்கள், சேத் கரி, ரயன் கெல்லி போன்றோர். புதிதாக வந்த ஆஸ்டின் ரிவர்ஸ் மீதுதான் எல்லார் கண்ணும். பயிற்சியாளர் மைக் ஷஷெவ்ஸ்கி, முதல்நிலை ஆண்கள் கல்லூரிக் கூடைப்பந்தில் மிக அதிக வெற்றி பெற்ற பயிற்சியாளர் என்ற சாதனையை நெருங்கிக்கொண்டிருந்தார். அந்த நவம்பரில் அதைத் தொட்டும் விட்டார். சீனா அவருக்குப் புதிய இடமல்ல. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் அமெரிக்க அணிக்குத் தங்கம் வாங்கித் தந்தவர் அவர்தான். சீன ரசிகர்களுக்கு டியூக் பையன்களைவிட அவர் முகம் பழக்கம்.

டியூக்கின் பாதையில் முதல் நிறுத்தம் குன்ஷான். ஷாங்காய்க்கும் சுஜோவுக்கும் நடுவே இருக்கும் அந்த ஊர் மின்னணுத் தொழிற்சாலைகளுக்குப் பேர்போனது. தைவான் முதலீடு கொட்டிக் கிடக்கும் இடம். சுற்றுலாப் பயணிகள் தேடிப் போகிற ஊரல்ல. அங்கே போனதற்குக் காரணம் இருந்தது. வூஹான் பல்கலைக்கழகத்தோடு கூட்டுச் சேர்ந்து டியூக் அங்கே ஒரு பல்கலைக்கழகம் கட்டிக்கொண்டிருந்தது. 2010இல் அடிக்கல் நாட்டி, நகராட்சி நிலமும் கட்டடமும் தர ஒப்புக்கொண்டிருந்த திட்டம் அது. இத்தனை செலவு தேவையா, சீனாவில் கல்விச் சுதந்திரம் கிடைக்குமா என்று டர்ஹமில் பேராசிரியர்களே வாதாடிக்கொண்டிருந்தார்கள். இந்தச் சூழலில் பல்கலைக்கழகத்தின் மிகப் பிரபலமான முகத்தை, அதாவது கூடைப்பந்து அணியை, குன்ஷானில் இறக்கினார்கள். பிறகு ஷாங்காய், பெய்ஜிங், கடைசியில் துபாய். சீனாவில் எதிரணி அந்நாட்டின் இளையோர் தேசிய அணி. துபாயில், ரமலான் மாதத்தில், ஐக்கிய அரபு அமீரகத்தின் தேசிய அணி.

இளையோர் தேசிய அணியை எதிரணியாக வைத்ததில் ஓர் அருமையான கணக்கு இருப்பதாக நினைக்கிறேன். இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே வயது. சீனப் பையன்களுக்கும் அது கற்றுக்கொள்ளும் ஆட்டம். தோற்றால் யாருடைய வேலையும் போகாது. அரங்கத்துக்கு வந்தவர்களும் ஷஷெவ்ஸ்கியையும் நாளைய என்.பி.ஏ. ஆட்டக்காரர்களையும் பார்க்க வந்தவர்கள். தோற்றால் மானம் போகும் என்ற எண்ணம் யாருக்கும் வராதபடி ஆட்டத்தை அமைத்திருந்தார்கள்.

இப்போது ஜார்ஜ்டவுன். இயேசு சபையினர் நடத்தும் பழைய பல்கலைக்கழகம், அரசியல்வாதிகளும் தூதர்களும் படித்து வெளிவரும் இடம். பயிற்சியாளர் மூன்றாம் ஜான் தாம்சன். அவருடைய தந்தை ஜான் தாம்சன் அதே அணியை நடத்தி 1984இல் தேசியப் பட்டம் வாங்கியவர். அந்தப் பட்டத்தை வென்ற முதல் கறுப்பினப் பயிற்சியாளர். அந்தப் பெயரின் எடை மகன் தோளில் எப்போதும் உண்டு. அந்த ஆகஸ்டில் இன்னோர் எடையும் சேர்ந்தது. அமெரிக்கத் துணை அதிபராக இருந்த ஜோ பைடன் அதே வாரம் பெய்ஜிங் வந்திருந்தார். அமெரிக்க அரசின் கடன் தரமதிப்பீடு ஆகஸ்ட் தொடக்கத்தில்தான் குறைக்கப்பட்டிருந்தது. அந்தக் கடன் பத்திரங்களை வெளிநாடுகளிலேயே அதிகம் வைத்திருந்தது சீனா. அவர்களுக்குத் தைரியம் சொல்லவும், அடுத்து அதிபராக வரப்போகும் ஷி ஜின்பிங்கோடு பழகிக்கொள்ளவும் வந்த பயணம் அது. ஆகஸ்ட் 17 அன்று ஜார்ஜ்டவுன் ஷான்ஷி அணியோடு ஆடிய ஆட்டத்தைப் பார்க்கப் பைடன் அரங்கத்துக்கே வந்தார். ஜார்ஜ்டவுன் 98–81 என்று ஜெயித்தது. இரு நாட்டு உறவின் அழகான படம் ஒன்று கிடைத்துவிட்டது.

மறுநாள் எதிரணி பாயி ராக்கெட்ஸ். சீன மக்கள் விடுதலை ராணுவத்தின் அணி. சீனத் தொழில்முறைக் கூட்டமைப்பின் பட்டத்தை எட்டு முறை வென்ற அணி, அதில் முதல் ஆறும் தொடர்ச்சியாக. மற்ற அணிகள் வெளிநாட்டு ஆட்டக்காரர்களை வாங்கத் தொடங்கியபோது ராணுவ அணியால் அது முடியவில்லை. வெளிநாட்டவர் ராணுவத்தில் எப்படிச் சேர்வார்? அதனால் பாயி மெல்ல மெல்லச் சரிந்துகொண்டிருந்த காலம் அது. 2020இல் போட்டியிலிருந்தே விலகிவிட்டது. பழைய பெருமை கையில் இருந்து, புதிய வெற்றி கிடைக்காத அணிக்கு அமெரிக்க மாணவர்களிடம் சொந்தத் தலைநகரத்தில் தோற்பது சாதாரணமாக இருக்காது. ஆடுகிறவர்கள் ஆடுவதையே தொழிலாகக் கொண்ட வளர்ந்த ஆட்கள். எதிரே நிற்பவர்களோ பத்தொன்பது இருபது வயது மாணவர்கள். டியூக்கின் எதிரணிப் பட்டியலில் இப்படி ஒரு பெயர் இல்லவே இல்லை. இரண்டு பயணங்களுக்கும் நடுவிலுள்ள முதல் வேறுபாடும் மிகப் பெரிய வேறுபாடும் இதுதான்.

அடுத்தது விதி. கூடைப்பந்து உலகமெங்கும் ஒன்றுதான் என்று நினைப்பவர்களுக்கு அன்றைய கல்லூரி ஆட்டத்தையும் ஃபிபா என்னும் சர்வதேசக் கூட்டமைப்பின் ஆட்டத்தையும் பக்கத்தில் வைத்துக் காட்ட வேண்டும். கல்லூரியில் இருபது நிமிடம் கொண்ட இரண்டு பாதி. ஃபிபாவில் பத்து நிமிடம் கொண்ட நான்கு கால்கள். கல்லூரியில் பந்து கைக்கு வந்தால் 35 நொடிக்குள் கூடையை நோக்கி எறிய வேண்டும். ஃபிபாவில் 24 நொடி. மூன்று புள்ளிக் கோடு கல்லூரியில் 6.32 மீட்டரில், ஃபிபாவில் 6.75 மீட்டரில். வளையத்தில் பட்டுவிட்ட பந்தை ஃபிபா ஆட்டத்தில் தாவித் தட்டிவிடலாம். வளையத்துக்கு மேலே இருக்கும் அதே பந்தைக் கல்லூரியில் தொட்டால் நடுவர் விசில் ஊதிவிடுவார். எல்லாவற்றையும்விடப் பெரிய வேறுபாடு அணி ஃபவுல் கணக்கில். ஃபிபாவில் ஒரு காலில் ஐந்தாவது ஃபவுலிலிருந்து எதிரணிக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ. கல்லூரியிலோ ஒரு பாதியில் ஏழாவது ஃபவுல் வரை பொறுத்திருப்பார்கள். அதன் பிறகும் முதல் எறி உள்ளே விழுந்தால்தான் இரண்டாவது எறி. பத்தாவதிலிருந்துதான் நிச்சயமாக இரண்டு. நெருங்கி நின்று, உடம்பு உரசித் தடுத்துப் பழகிய கல்லூரி அணி அதே பழக்கத்தோடு ஃபிபா ஆட்டத்தில் இறங்கினால், கால் மணி நேரத்துக்குள் எதிரணி ஃப்ரீ த்ரோ கோட்டில் குடியேறிவிடும்.

ஷஷெவ்ஸ்கிக்கு இது மனப்பாடம். தேசிய அணியோடு பல கோடைகள் ஃபிபா ஆட்டத்தில் வாழ்ந்தவர். 2006 உலகப் போட்டியின் அரையிறுதியில் கிரீஸிடம் வாங்கிய அடியிலிருந்துதான் அந்தப் பாடத்தை அவர் கற்றுக்கொண்டார் என்பதைக் கூடைப்பந்து பார்ப்பவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். தாம்சனின் ஆட்ட முறையோ பிரின்ஸ்டன் பாணி. பந்தைப் பொறுமையாகச் சுற்றிவிட்டு, தடுப்பவன் கண் ஒரு கணம் விலகும்போது அவன் முதுகுக்குப் பின்னால் வெட்டி ஓடி, கூடைக்கடியில் பந்து வாங்கும் பாணி அது. பார்க்க அவ்வளவு அழகு. அந்த அழகுக்கு நேரம் வேண்டும். 35 நொடியில் மலரும் ஆட்டத்தை 24 நொடியில் அவசரமாக முடிக்கச் சொன்னால் அது பாதி பலத்தில்தான் இயங்கும். ஷான்ஷியிடம் ஜெயித்த அணி பாயியிடம் திணறியதற்கு இதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கும் என்பது என் ஊகம்.

ஆகஸ்ட் 18 இரவு பெய்ஜிங் ஒலிம்பிக் விளையாட்டு மையத்தின் அரங்கம். தொடக்கத்திலிருந்தே முழங்கை, தள்ளு, முறைப்பு. விசில் சத்தம் ஓயவில்லை. அது ஒரு பக்கமாகவே ஒலித்தது. ஜார்ஜ்டவுன் மீது ஊதப்பட்ட ஃபவுல்கள் பாயி மீது ஊதப்பட்டவற்றைப் போல் இரண்டு மடங்குக்கும் மேல். ஆட்டம் நின்றபோது பாயி எறிந்திருந்த ஃப்ரீ த்ரோக்கள் 57, ஜார்ஜ்டவுன் எறிந்தவை 15. எண்ணிக்கை மட்டுமே நடுவரின் சார்பை நிரூபித்துவிடாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். மேலே சொன்ன விதி வேறுபாடு அதில் ஒரு பகுதியை விளக்கும். ஆனால் 57க்கு 15 என்ற இடைவெளி முழுவதையும் அது விளக்காது. ஒவ்வொரு விசிலும் நம் மேல்தான் விழுகிறது என்ற உணர்வு ஓர் அணிக்குள் ஏறிவிட்டால், தங்களைக் காக்கத் தரையில் யாருமில்லை என்ற உணர்வும் கூடவே ஏறிவிடும். பிறகு அவர்கள் தங்களைத் தாங்களே காத்துக்கொள்ளக் கிளம்புவார்கள்.

இத்தனைக்கும் நடுவில் ஆட்டம் சமமாகவே போனது. நான்காவது கால் தொடங்கி 28 நொடி, கணக்கு 64–64, இன்னும் 9 நிமிடம் 32 நொடி பாக்கி. ஜார்ஜ்டவுனின் ஜேசன் கிளார்க் மீது ஒரு கடுமையான ஃபவுல். அவர் திரும்பி நெஞ்சோடு நெஞ்சு நின்றார். அடுத்த நொடி இரண்டு பெஞ்சும் காலி. ஜார்ஜ்டவுனின் ஏரன் போவனைத் தடுப்பு ஒன்றின் மேல் தள்ளிக் கீழே சாய்த்து, மேலேறி உட்கார்ந்து ஒருவர் குத்தினார். யாரோ நாற்காலியைத் தூக்கினார்கள். நாற்காலி ஒன்று பறந்தும் வந்தது. தாம்சன் தன் பையன்களை ஒவ்வொருவராகப் பிரித்து இழுத்துச் சேர்த்து, ஆட்டத்தை அப்படியே விட்டுவிட்டு வெளியே கூட்டிக்கொண்டு போனார். போகிறவர்கள் மேல் தண்ணீர் பாட்டில்கள் விழுந்துகொண்டே இருந்தன.

இரண்டு பயணங்களிலும் நடந்த எல்லாவற்றிலும் நான் மிக உயர்வாக மதிப்பது இந்த வெளியேற்றத்தைத்தான். கணக்கு சமமாக இருந்தது, ஜெயிக்க முடியும். துணை அதிபர் ஊரில் இருந்தார். பாதியில் போனால் அது அரசாங்க அளவில் பேசப்படும். ஏற்பாடு செய்தவர்களின் மனம் கோணும். இத்தனையும் தெரிந்த ஒருவர், பையன்களின் உடம்பு முழுசாக வீடு போய்ச் சேர வேண்டும் என்ற ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டார். வெளியே வந்த பிறகும் எதிரணியைத் திட்டவில்லை. நடந்ததற்கு வருந்துவதாக மட்டும் அறிக்கை கொடுத்தார். ஷஷெவ்ஸ்கியின் பயணம் எல்லா வகையிலும் சிறப்பாகத் திட்டமிடப்பட்டது. அப்படித் திட்டமிட்டதாலேயே அவருக்கு இப்படி ஒரு சோதனை வரவில்லை. தாம்சனுக்கு வந்தது, அந்தச் சில நிமிடங்களில் பயிற்சியாளர் என்ற வேலையின் அடிப்படை எது என்பதை அவர் செய்து காட்டினார்.

பாயி பக்கத்தையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். அடிதடி சீனக் கூடைப்பந்துக்கு அந்த இரவில் திடீரென்று வந்ததல்ல. 2010 அக்டோபரில் ஹெனான் மாகாணத்தின் ஷூசாங் நகரத்தில் சீனத் தேசிய அணியும் பிரேசிலும் ஆடிய நட்பு ஆட்டமே கைகலப்பில் நின்றுபோயிருந்தது. அதற்குப் பின் பத்து மாதம்தான் ஆகியிருந்தது. நட்பு ஆட்டத்தில் நடுவர் யார், எந்த நாட்டுக்காரர், காவல் எப்படி என்று முன்கூட்டியே எழுதி வாங்க வேண்டிய காலம் அது. சீன இணையத்தில் எழுதியவர்களில் பலரும் பாயி அணியைத்தான் சாடினார்கள். விருந்தாளியை அடித்த வெட்கத்தை அவர்கள் மறைக்கவில்லை. மறுநாள் காலை பெய்ஜிங் விமான நிலையத்தில் இரண்டு பக்கத்துப் பயிற்சியாளர்களும் சில ஆட்டக்காரர்களும் சந்தித்துக் கை குலுக்கி, நினைவுப் பொருள்களைப் பரிமாறிக்கொண்டார்கள். சமாதானம் ஆகிவிட்டது என்று அறிவித்தவர் சீன வெளியுறவுத் துணை அமைச்சர் சுய் தியான்காய். ஜார்ஜ்டவுன் ஷாங்காய் போய் மீதிப் பயணத்தை அமைதியாக முடித்தது.

கூடைப்பந்துச் சண்டை ஒன்றின் சமாதானத்தை வெளியுறவு அமைச்சகம் அறிவிக்கிறது என்பதிலேயே அந்தப் பயணம் எதைச் சுமந்துகொண்டிருந்தது என்பது விளங்கும். 1971இல் அமெரிக்க மேசைப்பந்து ஆட்டக்காரர்கள் சீனா போனதிலிருந்தே, இரு நாட்டுக்கும் நடுவில் பந்து போகும் இடமெல்லாம் அரசியலும் போகிறது. டியூக் சுமந்தது வேறு சரக்கு: கட்டி முடியாத ஒரு பல்கலைக்கழகத்தின் விளம்பரம். அந்தக் கோடையில் சூழலும் அதற்குத் தோதாக அமைந்தது. ஜூலையில் சீனக் கூடைப்பந்தின் நட்சத்திரமான யாவ் மிங் ஓய்வை அறிவித்திருந்தார். அதே மாதம் சம்பளத் தகராறில் என்.பி.ஏ. கதவடைப்பும் தொடங்கியிருந்தது. கூடைப்பந்துப் பசியோடு இருந்த சீன நகரங்களில் கல்லூரி அணிகளுக்கு நல்ல மேடை கிடைத்தது. இரண்டு பல்கலைக்கழகங்களும் தங்கள் மாணவர்களைத் தங்கள் காரியத்துக்காக அனுப்பின என்பதில் வேறுபாடில்லை. டியூக்கின் காரியத்துக்கு ஆட்டம் சுமுகமாகப் போவது அவசியம். குன்ஷான் நகராட்சிக்கும் அதுவே அவசியம். பணமும் நிலமும் போட்ட இரண்டு பங்காளிகளும் ஒன்றாக விரும்பியதால் எதிரணியும் சூழலும் அதற்கேற்ப அமைந்தன. ஜார்ஜ்டவுனின் நல்லெண்ணப் பயணத்தில் நல்லெண்ணத்தைக் கட்டிக்காக்கும் கடமை தரையிலிருந்த யாருக்கும் தனிப்பட்ட முறையில் இருக்கவில்லை. பாயிக்கு ஜெயிப்பது முக்கியம், நடுவர்களுக்கு உள்ளூர்க் கூட்டம் முக்கியம், அரசாங்கங்களுக்கு முந்தின நாள் எடுத்த படம் போதும்.

ஆடுகிற பையன்களுக்கு இதில் என்ன மிஞ்சியது? ஆட்டத் திறமை என்று பார்த்தால் அடுத்த மார்ச்சைப் பார்க்கலாம். டியூக் 27 வெற்றிகளோடு பருவத்தை நடத்தி, தேசியப் போட்டியில் இரண்டாம் தர வரிசையில் நுழைந்து, முதல் ஆட்டத்திலேயே பதினைந்தாம் தர வரிசையிலிருந்த லீஹை என்ற சிறிய பல்கலைக்கழகத்திடம் 75–70 என்று தோற்றது. லீஹையின் சி.ஜே. மெக்கோலம் தனியாக 30 புள்ளிகள் எடுத்தார். 16 அணிகள் கொண்ட பிக் ஈஸ்ட் கூட்டமைப்பில் பத்தாவதாக வரும் என்று பயிற்சியாளர்களால் முன்கூட்டியே எடைபோடப்பட்ட ஜார்ஜ்டவுன், 23 ஆட்டங்களை ஜெயித்து மூன்றாம் தர வரிசையோடு அதே போட்டிக்குள் போனது. தன் இரண்டாவது ஆட்டத்தில் வட கரோலினா ஸ்டேட்டிடம் மூன்று புள்ளியில் தோற்றது. பெய்ஜிங்கில் ஒருவருக்கொருவர் அரணாக நின்றதுதான் அந்த அணியை ஒட்டவைத்தது என்று சொல்ல ஆசையாகத்தான் இருக்கிறது. அதை நான் சொல்லமாட்டேன். ஆட்டோ போர்ட்டர் போன்ற புது ஆட்டக்காரர்களின் திறமை அதைவிட எளிய விளக்கம். நான்கு சுமுகமான வெற்றிகள் டியூக்கை லீஹையிடமிருந்து காப்பாற்றவில்லை என்பதை மட்டும் தயங்காமல் சொல்லலாம். எளிய எதிரணியோடு ஆடினால் பத்திரம் கிடைக்கும். தாங்கள் எங்கே பலவீனம் என்பது தெரியவராது. டியூக்கின் பயணத்தில் எனக்குள்ள ஒரே குறை இதுதான். அவர்கள் காரியம் நிறைவேறியது, 2014இல் குன்ஷான் பல்கலைக்கழகம் மாணவர்களைச் சேர்த்துக்கொண்டது. அணிக்குக் கிடைத்த ஆட்டப் பாடம் குறைவு.

பத்திரமும் பாடமும் ஒன்றாகக் கிடைக்கும் வழி இல்லையா என்றால், இருக்கிறது. 2014 ஆகஸ்டில் கென்டக்கி பல்கலைக்கழகம் பஹாமாஸ் தீவுக்குப் போனபோது எதிரணிகளையும் அங்கேயே வரவழைத்தது: போர்ட்டோ ரிக்கோ, டொமினிக்கன் குடியரசு, பிரான்சின் ஒரு தொழில்முறை அணி. எதிரே நின்றவர்கள் பாயியைப் போலவே வளர்ந்த ஆட்கள்தான், ஆனால் யாருக்கும் அது சொந்த ஊரில்லை; உள்ளூர் மானமும் உள்ளூர்க் கூட்டமும் கிடையாது. கென்டக்கி அங்கே ஓர் ஆட்டம் தோற்றது, அடுத்த பருவத்தில் தொடர்ந்து 38 ஆட்டங்களை ஜெயித்தது. ஆனாலும் அது உல்லாச விடுதியில் நடத்திய பயிற்சி முகாம். வெளிநாட்டுப் பயணம் என்று அதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்த நாட்டுக்காரர்கள் அந்த ஆட்டத்தை எப்படி ஆடுகிறார்கள், எப்படிப் பார்க்கிறார்கள் என்பதை அருகிலிருந்து அறியாமல் திரும்புவதற்குக் கடல் தாண்ட வேண்டியதில்லை.

என்னைக் கேட்டால் கனடாவின் ஒட்டாவாவைக் காட்டுவேன். அங்கே கார்ல்டன் பல்கலைக்கழக அணி 2011 தொடங்கி 2017 வரை தொடர்ந்து ஏழு ஆண்டுகள் கனடாவின் பட்டம் வென்றது. ஆகஸ்ட் வந்தால் அமெரிக்க அணிகள் வரிசையாக அங்கே போய் ஆடும். 24 நொடி, ஃபிபா விதி, அந்நிய அரங்கம் எல்லாம் உண்டு; எதிரே நிற்பதும் மாணவர்கள், செப்டம்பரில் வகுப்புக்குத் திரும்ப வேண்டியவர்கள். 2013இல் விஸ்கான்சின் அங்கே தோற்றுத் திரும்பி, அடுத்த ஏப்ரலில் அமெரிக்காவின் கடைசி நான்கு அணிகளில் ஒன்றாக நின்றது. அதே ஆகஸ்டில் போன சிரக்யூஸ், கூடுதல் நேரம் வரை இழுபட்டு 69–65 என்றுதான் தப்பியது.